நம்பர் ஒன் மடி

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலேயே பேர் பெற்ற மடி சுடலைமணியுடையதுதான். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், 'நேரமாச்சு' செயலியிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். கீழே தாய்மார்கள் எழுதிவைத்த பாராட்டு வேறு: 'பிள்ளை சிணுங்கக்கூட இல்லை', 'மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தான்', 'அடுத்த பிள்ளைக்கும் இதே மடிதான்'. காது குத்தும்போது பிள்ளையை உட்காரவைக்க ஒரு தாய்மாமன் மடி வேண்டுமில்லையா, அந்த மடியைச் சொல்கிறேன். ஏசி மெக்கானிக்காக ஊரெல்லாம் ஏணி தூக்கி அலைந்த காலத்தில் சுடலைமணியை ஒரு நாய்கூடச் சீண்டியதில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்ததற்கு ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. என்ன உலகமடா இது என்று அவனுக்கே சிரிப்பு வரும்.

எல்லாம் தமயந்தி செய்த வேலை. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காது மூக்கு குத்தும் கடை வைத்திருக்கிறாள் தமயந்தி. முகூர்த்த நாள் என்றால் தெருவரைக்கும் கூட்டம் நிற்கும். யார் முன்னால், யார் பின்னால் என்று அடிதடி நடக்கும். மொட்டைத் தலைகளெல்லாம் சேர்ந்து அழுகிற அழுகையில் பக்கத்துப் பல் டாக்டர் கிளினிக்கில் நோயாளிகள் பயந்து எழுந்து ஓடியதும் உண்டு. அந்தப் பல் டாக்டர்தான் சொன்னார், "ஏம்மா, எல்லாருக்கும் நேரம் குறிச்சுக் குடுக்க ஒரு செயலி இருக்கு. சின்னக் கடைக்காரங்களுக்குன்னே பண்ணிருக்கான். போட்டுத் தொலையேன், நானும் நிம்மதியாப் பல்லு புடுங்குவேன்."

போட்டாள். முதல் நாளே செயலி அவளைப் போனில் அழைத்தது. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான குரல்.

"வணக்கம். உங்கள் தொழிலில் ஒரு வேலையைத் தொடங்க என்னென்ன தேவை?"

"ஊசி வேணும், சந்தனம் வேணும், கம்மல் வேணும்."

"வேறு ஏதேனும்?"

"மாமன் மடி வேணும்."

"அது தங்களிடம் எத்தனை உள்ளது?"

"எங்கிட்ட எங்க இருக்கு? அவங்கவங்கதான் கொண்டு வருவாவ."

"கொண்டு வராவிட்டால்?"

"வேலை நடக்காது. அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான்."

"நன்றி. குறித்துக்கொண்டேன்," என்றது குரல்.

பல் டாக்டர் நாற்காலி என்று சொல்லியிருப்பார், சலூன்காரர் கண்ணாடி என்று சொல்லியிருப்பார். தமயந்தி மடி என்று சொன்னாள். நம்மூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் செயலி நம்மூரில் பிறந்ததா என்ன? முக்கியமான சாதனம், கடையில் கைவசம் இல்லை, இதனால் வேலை கெடுகிறது என்று அது புரிந்துகொண்டது. குறித்த நேரம் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தர்மம். கணக்குப் பார்த்தால் தமயந்தியின் கடையில் ரத்தாகிற நேரமெல்லாம் மாமன்களால்தான் ரத்தாகியது. ஒரு மாமன் விமானத்தைத் தவறவிட்டான். ஒரு மாமன் பத்திரிகையில் பேர் சின்ன எழுத்தில் போட்டதற்காகக் கோபித்துக்கொண்டு வரவில்லை. இன்னொருவன் வந்தான், ஆனால் நிற்கிற நிலையில் வரவில்லை.

ஒருநாள் சுடலைமணி அந்தக் கடையில் ஏணி மேல் நின்று ஏசி வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே ஒரு குடும்பம் மாமனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது. சுவரிலிருந்த ஒலிபெருக்கி பேசியது.

"மடி வரவில்லை. மாற்று மடி தேடப்படுகிறது." கொஞ்சம் பொறுத்து, "அருகில் ஒரு மடி உள்ளது. ஏணியின் மீது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிள்ளையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, கொஞ்சம் இறங்குதியளா?"

பெண்பிள்ளை கும்பிட்டுக் கேட்டால் எப்படி மறுப்பது? கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தார்கள். தமயந்தி இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று என்று குத்தினாள். பிள்ளை என்னவோ கொசு கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தது, அவ்வளவுதான். சுடலைமணி திரும்ப ஏணியில் ஏறினான்.

அந்த நாற்காலி சாதாரண நாற்காலி இல்லை. செயலிக் கம்பெனிக்காரர்கள் காது குத்துகிற கருவியோடு சேர்த்துக் கொடுத்தது. உட்கார்ந்தவனின் நாடித்துடிப்பு, தொடை நடுக்கம், உள்ளங்கை வேர்வை, பிள்ளையின் அழுகை எல்லாவற்றையும் அளந்து மதிப்பெண் போடும். மறுநாள் கம்பெனியிலிருந்து கோமதி என்கிற பெண் சென்னையிலிருந்து பேசினாள்.

"மேடம், நேத்து உக்காந்தாரே ஒருத்தர், அவரை விட்டுடாதீங்க. இப்படி ஒரு மடியை நாங்க பாத்ததே இல்ல."

"அவரு ஏசி மெக்கானிக்குங்க."

"யாரா இருந்தா என்ன மேடம். சொந்த மாமாங்களுக்கு ஊசியப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிக்குது, தொடை நடுங்குது. குழந்தை அதை உடனே கண்டுபிடிச்சிடுது. சரி, ஏதோ பெருசா நடக்கப்போகுதுன்னு அழ ஆரம்பிச்சிடுது. இவருக்கு அந்தக் குழந்தை யாரோ தானே? துடிப்பு கொஞ்சம்கூட ஏறல. அதான் குழந்தையும் கம்முனு இருந்துச்சு."

தமயந்தி யோசித்தாள். "அப்போ பாசம் இல்லாததுதான் தகுதிங்கிறியளா?"

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். நிதானம்னு சொல்லுங்க," என்றாள் கோமதி.

இப்படித்தான் சுடலைமணி மடி எண் ஒன்று ஆனான். அவனுடைய பேர், முகம் எதுவும் செயலியில் வராது. வயது, எடை, அப்புறம் குரல் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன ஒலிப்பதிவு. 'வாங்க தங்கம், மாமாட்ட வாங்க' என்று அவன் பேசியதைத் தட்டினால் கேட்கலாம். பிள்ளைக்குப் பிடித்த குரலா என்று கேட்டுப் பார்த்து வீட்டார் சரி சொல்லலாம், வேண்டாம் என்றும் தள்ளலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. சரியாகக் குத்துகிற நொடியில் கடைக் கேமரா தானாகப் படம் எடுக்கும். எடுத்த படத்திலிருந்து வாடகை மாமனைத் தானாகவே அழித்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்றைப் போட்டுவிடும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். யார் இந்த ஆள் என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாதாம்.

"ஒரு படத்திலயாவது நான் இருக்கனா மேடம்?" என்று ஒருதரம் கேட்டான்.

"கம்பெனி ரூல் அண்ணாச்சி. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரமெல்லாம் ஆல்பத்துல வருதா?" என்றாள் தமயந்தி. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது, ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு கடையில் ஓடினால் மற்றவன் சும்மா இருப்பானா? மொட்டை போடுகிற சலூன்காரர் மடி கேட்டார். கல்யாண மண்டபத்துக்காரர் மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் கேட்டார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு அம்மாள் ஒரே முகூர்த்தத்தில் மண்டபம் மண்டபமாக ஆட்டோவில் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தாள். யார் யாருக்கு நாத்தனார் என்று கேட்டால் போனைப் பார்த்துத்தான் சொல்வாள். பெரிய குடும்பங்களில்கூட 'எதுக்கு அவன் காலில் விழுந்துகிட்டு, செயலியில போட்டா வந்துட்டுப் போறான்' என்று பேச ஆரம்பித்தார்கள். கோபித்துக்கொண்டு போன மாமன்களின் பாடுதான் திண்டாட்டம். முன்பெல்லாம் மாமன் முறுக்கிக்கொண்டால் நாலு பேர் போய்த் தாஜா செய்து கூட்டிவருவார்கள். இப்போது முறுக்கிக்கொண்டவன் முறுக்கிக்கொண்டபடியே வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அதோடு விட்டதா? ஒழுங்காக வருகிற சொந்த மாமன்களுக்கும் செயலி பரீட்சை வைத்தது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் வாங்க வேண்டும். பாதிப் பேர் தேறவில்லை. தேறாதவர்கள் வீட்டுக்குப் போய் அரிசி மூட்டையை மடியில் வைத்துப் பழகினார்கள்.

மஸ்கட்டிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான் செந்தூர்பாண்டி. புது வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் சங்கிலி. தங்கச்சி மகளுக்குக் காது குத்து. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.

"மன்னிக்கவும். தங்கள் மடி தேர்ச்சி பெறவில்லை. மடி எண் ஒன்று அமரும். தாங்கள் அருகில் நிற்கலாம். தங்கள் பொறுப்பு: துணை மாமா."

"துணை மாமாவா?" செந்தூர்பாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கூடப்பொறந்தவ பிள்ளைக்கு நான் துணையா? ஏங்க, இந்த மிஷின எவன் பெத்தது?"

சுடலைமணிக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்களே உக்காருங்க. நான் வெளிய நிக்கேன்," என்று எழுந்துபோய்விட்டான்.

தங்கச்சியும் 'எங்கண்ணனே உக்காரட்டும்' என்று செயலிக்கு ஒப்புதல் சொல்லிவிட்டாள். உள்ளே கேட்ட சத்தத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை உதைத்தது, கடித்தது, கடைசியில் செந்தூர்பாண்டியின் புது வேட்டியில் ஒன்றுக்கும் போய்விட்டது. அவன் அந்த ஈர வேட்டியோடு தெருவுக்கு வந்து போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். "பாத்தியளா, என் மருமவ பண்ணுன வேலைய. பாத்தியளா?" பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது அவன் முகம்.

சுடலைமணி வாசலில் நின்று அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் இதுவரை ஒரு பிள்ளையும் ஒன்றுக்குப் போனதில்லை. அதைப் பெருமை என்று நினைத்திருந்தான்.

"என்ன அண்ணாச்சி, பேயறஞ்ச மாதிரி நிக்கிய?" என்றாள் தமயந்தி.

"எனக்கும் ஒரு மருமவ இருக்கா மேடம்," என்றான்.

கதை இதுதான். சுடலைமணிக்கு ஒரே தங்கை, பொன்மலர். ஊர்மெச்சக் கட்டிக்கொடுத்தான். அவள் மாமனார் ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் மூச்சு விடுவதற்குக் கடிகாரம் பார்ப்பார். பொன்மலர் வீட்டுப் பால் காய்ப்புக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று சுடலைமணி மண்டையை உடைத்துக்கொண்டு, கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டான். படத்தில் பின்னால் பந்திக்காரன், பாத்திரம் கழுவுகிறவன் என்று கண்டவனும் நின்றான். போனில் 'தேவையற்றவர்களை நீக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினான். சரிபார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. அவசரக்குடுக்கை.

பால் காய்ப்பு அன்று அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் ஆவுடையப்பனே தன் கையால் துணியை விலக்கினார். எல்லோரும் இருந்தார்கள். ஓரத்தில் அரைக் கொட்டாவியோடு நின்ற ஆவுடையப்பன் மட்டும் இல்லை. போன் அவரைச் சமையல்காரர் என்று நினைத்துவிட்டதோ என்னவோ, அவர் இருந்த இடத்தில் ஒரு வாழைமரத்தை வளர்த்துவைத்திருந்தது.

"எம் மவன் கல்யாணத்துல எனக்குப் பதிலா வாழமரமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். யாரோ ஒரு பையன் சிரித்துத் தொலைத்தான். அதோடு முடிந்தது. சுடலைமணி அந்த வாசலை மிதிக்கக் கூடாது, பொன்மலர் அவனோடு பேசக் கூடாது. அதற்குப் பிறகு பிறந்தவள்தான் நிறைமதி. அவளை அவன் பார்த்ததெல்லாம் தங்கை போனில் வைக்கிற படத்தில்தான். மாமன் மடி இல்லாமல் காது குத்து தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"போய்க் கால்ல விழ வேண்டியதுதான?" என்றாள் தமயந்தி.

"விழாமலா இருந்தேன்? வாசல்ல நின்னு கூப்பிட்டேன். 'வாழமரம் பேசாது'ன்னு உள்ள இருந்து சொல்லிட்டாவ."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சித்திரை பிறந்த கையோடு ஒரு காலை சுடலைமணியின் போன் சிணுங்கியது. மடி எண் ஒன்றுக்கு வேலை. குழந்தை: நிறைமதி. தாய்: பொன்மலர். வேலைக்குப் போகிற வழியில் வண்டியை அப்படியே கடைப் பக்கம் திருப்பினான்.

"மேடம், இது எந்தங்கச்சி மவ."

"தெரியும் அண்ணாச்சி. அந்த புக்கிங் எத்தனையோ தடவ வந்துட்டுப் போயிட்டு. ஒரு மடி குடுக்கும், வேண்டாம்னு தள்ளிருவாவ. மறுபடி வரும், மறுபடி தள்ளுவாவ. கடைசியில உங்ககிட்ட வந்து நின்னுருக்கு."

"நான்தான்னு தெரியாது. தெரிஞ்சா வாசல்லயே திரும்பிருவாவ."

"அப்போ சொல்லிருவமா?"

"சொன்னா வரவே மாட்டாவ." அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அவள நான் ஒரு தடவையாவது தூக்கணும் மேடம். வாடகையாளா வேணும்னாலும் தூக்கிக்கிடுதேன். அப்புறம் என்ன நடந்தாலும் நடக்கட்டும்."

அப்புறம் அவன் செய்ததைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடையாளம் தெரியக் கூடாது என்று மீசையை எடுத்துவிட்டான். எப்பேர்ப்பட்ட மீசை தெரியுமா? கடைக்கு வந்து நின்றபோது தமயந்தி, "யாரு வேணும்?" என்று கேட்டாள். சுடலைமணிக்கு நம்பிக்கை பிறந்தது.

சனிக்கிழமை நேரம் பிசகாமல் வந்தார் ஆவுடையப்பன். பின்னால் பொன்மலர், அவள் புருஷன், அவள் இடுப்பில் நிறைமதி. சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். சுடலைமணி நாற்காலியில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். பொன்மலர் ஒரு பார்வைதான் பார்த்தாள். மீசை இல்லாவிட்டால் அண்ணனைத் தெரியாதா அவளுக்கு? கண் நிறைந்துவிட்டது. அவள் புருஷன் வம்பே வேண்டாம் என்று ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவுடையப்பன் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சுடலைமணி இன்னும் குனிந்துகொண்டான்.

"இந்தா பாரும்மா," என்றார் தமயந்தியிடம். "நான் இங்க யாரையும் பாக்கல. ஒரு நாற்காலி இருக்கு, ஒரு மடி இருக்கு. நல்ல நேரம் முடியதுக்குள்ள வேலைய முடி."

"சரிங்க மாமா," என்றாள் தமயந்தி.

"மடியக் கொஞ்சம் நிமிந்து உக்காரச் சொல்லு."

சுடலைமணி நிமிர்ந்தான்.

பொன்மலர் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது அவள் கை அண்ணன் கையில் பட்டு ஒரு நொடி நின்றது. எத்தனையோ பிள்ளைகளை மடியில் வைத்தவன்தான். அரிசி மூட்டை மாதிரி வருவார்கள், போவார்கள். இவள் உட்கார்ந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. அவன் அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது பிள்ளைக்கு. இதுவா, இவ்வளவு பெரிய பிள்ளையா, இத்தனை நாள் இது எங்கே இருந்தது, நான் எங்கே இருந்தேன் என்று நெஞ்சு கிடந்து அடித்தது. தொடை தந்தி அடித்தது. வேர்த்து ஊற்றியது.

"மடியின் துடிப்பு அதிகமாக உள்ளது," என்றது ஒலிபெருக்கி. "மடி அமைதி கொள்ளவும்."

அமைதியாவது ஒன்றாவது. 'வாங்க தங்கம்' என்று சொல்லப் போனான், குரல் வரவில்லை. நிறைமதி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் எடுத்தாள் பாருங்கள் ஒரு ராகம், பல் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மடி தகுதி இழந்துவிட்டது. கருவி பூட்டப்படுகிறது. மடி எண் இரண்டு, உள்ளே வரவும்."

தமயந்தி கையிலிருந்த குத்துகிற கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதை அமுக்கினாலும் இனி வேலை செய்யாது. மாற்றாக வெளியே காத்திருந்த மடி எண் இரண்டு உள்ளே வந்தார். ஜிம் மாஸ்டர், தூண் மாதிரித் தொடை, முகத்தில் ஒரு சலனம் இல்லை. சுடலைமணி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விடுவதா என்று அவனுக்கே தெரியவில்லை. இவள் அழுகிறாளே, என்னால்தானே அழுகிறாள், அவரிடம் கொடுத்தால் பேசாமல் இருப்பாளே என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது.

"பதிவு செய்தவர் ஒப்புதல் தேவை. மடியை மாற்றலாமா?" என்றது குரல்.

எல்லோரும் பொன்மலரைப் பார்த்தார்கள். அவள் விழித்தாள். "நான் பதியலியே. எங்க வீட்டுக்காரரு பதிஞ்சாருன்னுல்லா நெனச்சேன்."

"பதிவு செய்தவர்: ஆவுடையப்பன்," என்றது குரல்.

எல்லோரும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்கள். நிறைமதிகூட ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் மறுபடி தொடர்ந்தாள்.

"தாங்கள் இதற்கு முன் ஒதுக்கப்பட்ட எல்லா மடிகளையும் குரல் கேட்டு நிராகரித்துள்ளீர்கள். இந்த மடியின் குரலை மட்டும் பலமுறை கேட்டு, தாங்களே தேர்ந்தெடுத்தீர்கள். இப்போது மாற்ற விரும்புகிறீர்களா?"

ஆவுடையப்பன் வேட்டியைச் சரி செய்தார். துண்டைச் சரி செய்தார். சரி செய்ய வேறு ஒன்றும் மிச்சமில்லை. "இந்தச் சனியனுக்கு வாய மூடவே தெரியாதாம்மா?" என்றார் தமயந்தியிடம்.

"கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொன்னாத்தான் மூடும் மாமா."

"மாத்த வேண்டாம்."

"மடியின் நடுக்கம் அளவுக்கு மீறி உள்ளது. மாற்றுவது நல்லது எனப் பரிந்துரைக்கிறோம்."

"நடுங்கத்தான் செய்வான்," என்று குரலை உயர்த்தினார் ஆவுடையப்பன். "அவன் மாமன். சொந்த மாமன். வேற எப்படி இருப்பான்? நீ பூட்டத் திற."

சிவப்பு விளக்கு பச்சையானது. ஜிம் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல், வந்த மாதிரியே திரும்பிப் போனார்.

தமயந்தி இந்தக் காதில் குத்தினாள். அந்தக் காதில் குத்தினாள். நிறைமதி துள்ளினாள், மாமன் சட்டையைப் பிடித்துக் கிழிக்காத குறையாக இழுத்தாள், அழுதாள். சுடலைமணி அவளைவிடச் சத்தமாக அழுதான். இடையில் மடியில் சூடாக என்னவோ பரவியது. குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், ஒருவர் பாக்கியில்லாமல்.

"மீசைய எங்கல?" என்று கேட்டார் ஆவுடையப்பன். நேராக அவனிடமே கேட்டார்.

"அழிச்சிட்டேன் மாமா."

"அழிக்கிறதே ஒனக்குப் பொழப்பாப் போச்சு."

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த திரையில் படம் வந்தது. குத்திய நொடியில் கேமரா எடுத்த படம். பொன்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இப்போதும் ஏசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடுநாயகமாக, மொட்டைத் தலைக்குப் பின்னால், துண்டு போட்டு கம்பீரமாக நின்றார் ஆவுடையப்பன். நிறைமதி வாயைத் திறந்து அலறியபடி ஒரு சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு கையும் வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. சுடலைமணியைக் காணோம்.

ஆவுடையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏல சுடல, வலிக்கோ?"

சுடலைமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் அவன் இருந்தே ஆக வேண்டிய ஒரே படம் அதுதான். "வலிக்கி மாமா," என்றான்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

நிறைமதி விக்கிக்கொண்டு, தன் புதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் இந்த ஆள் என்கிற மாதிரி சுடலைமணியின் மழித்த மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் படத்தப் பெரிசா எடுத்துச் சட்டம் போடு," என்றார் ஆவுடையப்பன் தமயந்தியிடம். "வீட்ல நான் இல்லாத படம் ஒண்ணு பரண்ல கெடக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டணும். அதுக்கப்புறம் ஒன் போன்ல ஒண்ணு எடு, எல்லாரும் இருக்கப்பட்ட மாதிரி. எவனும் எந்தப் பொத்தானையும் அமுக்கப்படாது." திரும்பி மகனைப் பார்த்தார். "நீயும் கொஞ்சம் கீழ பாரு."

தமயந்தி போனை எடுத்தாள். சுடலைமணி ஈர மடியோடு, கசங்கிய சட்டையோடு, மீசை இல்லாத மூஞ்சியோடு நடுவில் உட்கார்ந்தான். எடுத்து முடிக்கவும் அவன் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. கையில் பிள்ளை இருந்ததால் பொன்மலர்தான் எடுத்து வாசித்தாள்.

"அண்ணே, ஒன்ன வேலைய விட்டு எடுத்துட்டாவ."

"என்னன்னு போட்டிருக்கு?"

அவள் மறுபடி வாசித்தாள், இந்தத் தடவை செய்தி வாசிக்கிற மாதிரி. "மடி எண் ஒன்று பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது. காரணம்: சொந்தம்."

"ஐயையோ, என் நம்பர் ஒன் மடி போச்சே," என்று தமயந்தி தலையில் கை வைத்தாள். ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் புறப்படுங்கள் என்றார். சுடலைமணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தான்.